திரையில் தெரியும் கட்டணமும் கடைசியில் கட்டும் பணமும்: சொகுசு ஹோட்டல்களை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே தெருவில் இரண்டு ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள். ஒன்றில் ஓர் இரவுக்கு 100, மற்றொன்றில் 125. எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், விகிதம்தான் இங்கே முக்கியம். தேடியவுடன் கண்ணில் படுவது 100 தான். கையும் அதை நோக்கித்தான் போகும். ஆனால் மூன்று இரவு தங்கிப் புறப்படும் நாளில் இரண்டு ரசீதுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 125 சொன்ன ஹோட்டலில் தங்கியவருக்கே செலவு குறைந்திருக்கலாம். எப்படி என்பதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

சொகுசு ஹோட்டலில் தங்குவதற்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். அந்தப் பணத்துக்கு உரிய மதிப்பு கிடைக்க வேண்டும் என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். கணினியில் எக்செல் பயன்படுத்தத் தெரிந்தால் இன்னும் எளிது.

1. ஹோட்டலைத் தேடும் முன் உங்கள் நாளை எழுதுங்கள்

அறையிலும் ஹோட்டல் வளாகத்திலும் நீங்கள் விழித்திருக்கப்போகும் நேரம் எவ்வளவு? காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு பத்து மணிக்குத் திரும்புவீர்கள் என்றால் நீச்சல் குளத்துக்கும் ஸ்பாவுக்கும் நீங்கள் கொடுக்கும் பணம் வீண். மதிய வெயிலில் திரும்பி வந்து இரண்டு மணி நேரம் ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளவருக்கோ, குளமும் நிழலும் அமைதியான லவுஞ்சும்தான் பயணத்தின் பாதி இன்பம்.

தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, தேவையில்லை. மூன்றாவது பத்தியை மனசாட்சியோடு நிரப்புங்கள். காலையில் காபி மட்டும் குடிப்பவர் என்றால் "பெரிய காலை உணவு" என்பது அந்தப் பத்திக்குத்தான் போக வேண்டும். பிறகு வரும் கணக்குகள் எல்லாம் இந்தத் தாளை நம்பித்தான் நிற்கின்றன. இது இல்லாமல் ஒப்பிட்டால், யாரோ ஒருவருக்குச் சிறந்த ஹோட்டலைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

2. ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள்

பெரிய ஹோட்டல்களில் அறைக்கு நிலையான கட்டணம் கிடையாது. எந்த நாளில் எத்தனை அறைகள் விற்றிருக்கின்றன, ஊரில் என்ன நடக்கிறது, போட்டி ஹோட்டல்கள் என்ன விலை சொல்கின்றன என்பதைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றிக்கொண்டே இருப்பதற்குத் தனி மேலாளரே இருப்பார். அதனால் ஒரு ஹோட்டல் "விலை உயர்ந்தது" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்த நாளில் என்று கேட்க வேண்டும்.

நகரங்களில் இரண்டு வகை உண்டு. வணிகமும் அரசு அலுவலும் நடத்தும் நகரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை கட்டணம் ஏறும்; வெள்ளி, சனி இரவுகளில் இறங்கும். சுற்றுலா நகரங்களில் இதற்கு நேர் எதிர். பிரஸ்ஸல்ஸ் முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பிய நாடாளுமன்றம் விடுமுறையில் இருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே சொகுசு அறைகள் கிடைக்கும் விலை, மற்ற மாதங்களில் வருவோருக்கு வியப்பாக இருக்கும்.

அடுத்தது கண்காட்சிகள். அக்டோபரில் ஃபிராங்பர்ட் புத்தகக் கண்காட்சி, ஏப்ரலில் மிலான் அறைகலன் கண்காட்சி, ஜனவரியில் லாஸ் வேகாஸின் மின்னணுக் கண்காட்சி, குளிர்காலக் கடைசியில் பார்சிலோனாவின் மொபைல் மாநாடு, 2008 முதல் நடக்கும் சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் ஆகிய நாட்களில் அதே அறை, அதே மெத்தை, அதே காலை உணவுதான். கட்டணம் மட்டும் பல மடங்கு ஆகலாம். சேவையோ பெரும்பாலும் குறையும், ஏனென்றால் ஹோட்டல் நிரம்பி வழியும்.

பிடித்த ஹோட்டலின் பெயரைப் போட்டு ஐந்து வெவ்வேறு வாரங்களுக்குக் கட்டணம் பாருங்கள். அடிக்கடி வரும் எண்தான் அந்த ஹோட்டலின் இயல்பான விலை. நீங்கள் தேர்ந்த நாட்களில் அதைவிட ஒன்றரை மடங்கு காட்டினால், வேறு ஹோட்டல் தேடும் முன் வேறு தேதி தேடுங்கள். என் அனுபவத்தில், எந்தத் தள்ளுபடிக் குறியீடும் தராத லாபத்தைத் தேதியை நான்கு நாள் தள்ளிவைப்பது தந்திருக்கிறது.

3. நட்சத்திரம் எதை அளக்கிறது?

உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அமைப்பு எதுவும் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் 2009-இல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்ற பெயரில் ஒரே அளவுகோலுக்கு வந்தன. பிரான்சில் ஐந்தாவது நட்சத்திரமே 2009-இல்தான் அறிமுகமானது. அடுத்த ஆண்டு அதற்கும் மேலே "பேலஸ்" என்ற தனிச் சிறப்பைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அரசு நட்சத்திரம் தருவதே இல்லை. துபாயின் புர்ஜ் அல் அரப் 1999-இல் திறந்தபோது ஏழு நட்சத்திரம் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. அதிகாரபூர்வ வகைப்பாட்டில் அதுவும் ஐந்து நட்சத்திரம்தான்.

அரசும் சங்கங்களும் தரும் நட்சத்திரம் பெரும்பாலும் வசதிகளைத்தான் எண்ணுகிறது: வரவேற்பு மேசையில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கிறார், அறையில் பாதுகாப்புப் பெட்டி இருக்கிறதா, அறைக்கு உணவு எந்த நேரம் வரை வரும் என்பது போன்றவை. இவை எண்ணத் தக்கவை, ஆகவே எண்ணப்படுகின்றன. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தொலைபேசியை எடுப்பவர் எப்படிப் பேசுவார் என்பது அந்தப் பட்டியலில் வராது.

சேவையை அளக்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். 1958-இல் மொபில் டிராவல் கைடு என்ற பெயரில் தொடங்கிய இன்றைய ஃபோர்ப்ஸ் டிராவல் கைடு, தன் ஆய்வாளர்களைச் சாதாரண விருந்தினர் போல அடையாளம் காட்டாமல் அனுப்பி, 900 வரையிலான அளவுகோல்களால் சோதிக்கிறது. அதில் சேவைக்குத்தான் அதிக எடை. மிஷெலின் நிறுவனம் 2024 முதல் ஹோட்டல்களுக்கு ஒன்று முதல் மூன்று "சாவிகள்" தருகிறது. கட்டட அழகு, தனித்தன்மை, சேவை ஆகியவற்றோடு, கொடுத்த விலைக்குக் கிடைக்கும் மதிப்பையும் அது பார்க்கிறது. நான் ஃபோர்ப்ஸ் பட்டியலைச் சேவைக்கும், மிஷெலின் பட்டியலைக் குணத்துக்கும் பார்ப்பேன். இரண்டிலும் இடம்பெற்ற ஹோட்டல் என்றால் நம்பிக்கை கூடும். இரண்டிலும் இல்லை என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட மாட்டேன். சிறிய ஹோட்டல்கள் பல இந்தப் பட்டியல்களுக்கு வெளியே சிறப்பாக நடக்கின்றன.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. புகழ்பெற்ற சங்கிலி ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றின் கட்டடம் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல. உரிமையாளர் வேறு; பெயருக்குரிய நிறுவனம் நிர்வாகம் மட்டும் செய்யும், சில இடங்களில் பெயரை மட்டும் கொடுத்திருக்கும். மெத்தையை மாற்றவும் ஆட்களைக் கூட்டவும் பணம் போட வேண்டியவர் உரிமையாளர். ஒரே பெயரில் ஒரு நகரத்தில் தேவலோகமாகவும் இன்னொரு நகரத்தில் களைத்துப்போன கட்டடமாகவும் ஹோட்டல்கள் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு நகரத்தில் கிடைத்த அனுபவத்தை வைத்து இன்னொரு நகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யாதீர்கள்.

4. எல்லாக் கட்டணங்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

கட்டணத்துக்குப் பக்கத்தில் "++" என்று இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சிங்கப்பூரில் இது வழக்கம்: முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், பிறகு அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, 100 என்பது 119.90 ஆகிவிடும். துபாயில் சேவைக் கட்டணம், நகராட்சிக் கட்டணம், மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றோடு, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 20 திர்ஹாம் சுற்றுலாக் கட்டணமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் 2024 முதல் அறைக் கட்டணத்தில் 12.5 சதவீதத்தைச் சுற்றுலா வரியாக வாங்குகிறது. கியோட்டோ 2026 மார்ச் முதல், ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,00,000 யென் அல்லது அதற்கு மேல் வசூலிக்கும் அறைகளில் தலைக்கு 10,000 யென் வரி விதிக்கிறது. இருவர் மூன்று இரவு தங்கினால் வரி மட்டும் 60,000 யென். இந்த வரிகளில் சிலவற்றை முன்பதிவின்போது வாங்காமல் ஹோட்டலில் நேரில் வாங்குவார்கள். திரையில் காட்டிய "மொத்தம்" என்ற சொல்லை நம்பி இருந்தவர் அங்கே திகைத்து நிற்பார்.

அமெரிக்க நகரங்களில் இன்னொன்று உண்டு: "டெஸ்டினேஷன் ஃபீ", "ரிசார்ட் ஃபீ" என்ற பெயர்களில் ஒவ்வோர் இரவுக்கும் கட்டாயமாகச் சேரும் தொகை. இதை மறைத்து விலை காட்டுவதைத் தடுக்கும் மத்திய அரசு விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் காட்டும் விலையிலேயே அது சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அரசு வரிகள் அப்போதும் பிறகுதான் சேரலாம். ஆகவே பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே தெரியும் எண்ணைத்தான் தாளில் எழுத வேண்டும்.

வரிக்குப் பிறகு, பயன்பாடு. காலை உணவு கட்டணத்தில் சேர்ந்ததா? சேராவிட்டால் தலைக்கு எவ்வளவு? விமானம் இரவில் என்றால், கிளம்பும் நாளில் அறையைப் பிற்பகல் வரை வைத்திருக்க எவ்வளவு? விமான நிலையத்திலிருந்து வரவும், நீங்கள் பார்க்கப்போகும் இடங்களுக்குப் போகவும் டாக்சி எவ்வளவு?

இப்போது முதல் பத்தியில் சொன்ன இரண்டு ஹோட்டல்களை எடுத்துக்கொள்வோம். இருவர், மூன்று இரவு.

முதல் ஹோட்டல், 100++. சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்து இரவுக்கு 119.90, மூன்று இரவுக்கு 359.70. காலை உணவு தலைக்கு 8 என்றால் மூன்று நாளுக்கு 48. கடைசி நாள் மாலை நான்கு மணி வரை அறையை வைத்திருக்க 30. மொத்தம் 437.70.

இரண்டாவது ஹோட்டல், வரி, காலை உணவு எல்லாம் உட்பட 125. மாலை நான்கு மணிக்குக் கிளம்புவதும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். மொத்தம் 375.

வித்தியாசம் 62.70. இரண்டாவது ஹோட்டலில் அரை இரவுக் கட்டணத்துக்குச் சமம்.

இதே கணக்கை, காலை உணவு சாப்பிடாத, கடைசி நாள் காலையிலேயே விமானம் ஏறும் இருவருக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஹோட்டல் 359.70, இரண்டாவது 375. இப்போது முதலாவதே மலிவு. ஹோட்டல்கள் மாறவில்லை, கட்டணம் மாறவில்லை. முதல் படியில் எழுதிய தாள் மட்டும் மாறியிருக்கிறது. அதனால்தான் "எது நல்ல விலை?" என்று நண்பர் கேட்டால், "காலையில் என்ன சாப்பிடுவீர்கள், விமானம் எத்தனை மணிக்கு?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

5. எந்த வழியாகப் பதிவு செய்வது?

ஐந்து இணையதளங்களைத் திறந்து வைத்து ஒப்பிடுபவர்கள், உண்மையில் இரண்டு நிறுவனங்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். புக்கிங்.காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் எல்லாம் ஒரே தாய் நிறுவனத்தைச் சேர்ந்தவை. எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ்.காம், ஆர்பிட்ஸ், டிராவலாசிட்டி ஆகியவை இன்னொரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றைப் பாருங்கள், பிறகு ஹோட்டலின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள். மூன்று போதும்.

இடைத்தரகுத் தளம் ஒவ்வொரு பதிவுக்கும் ஹோட்டலிடம் கணிசமான தரகு வாங்குகிறது. அதனால் நேரடியாக வரும் விருந்தினரை ஹோட்டல்கள் விரும்புகின்றன. உறுப்பினர் கட்டணம் என்ற பெயரில் சொந்தத் தளத்தில் சற்றுக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. உறுப்பினராவது இலவசம். வெளியே குறைந்த விலை கிடைத்தால் ஈடு செய்வோம் என்று பெரிய சங்கிலிகள் உறுதி தருகின்றன. மாரியட்டில் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் முறையிட வேண்டும், அறை வகை, தேதி, ரத்து விதி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சொல் வேறுபட்டாலும் மறுப்பார்கள். ஆகவே முறையிடும் முன் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெளித்தளங்கள் வழியாகப் பதிவு செய்தால், சங்கிலி ஹோட்டல்களில் புள்ளிகளும் உறுப்பினர் சலுகைகளும் பொதுவாகக் கிடைப்பதில்லை.

பலர் கவனிக்காத மூன்றாவது வழி, அங்கீகாரம் பெற்ற பயண ஆலோசகர். விர்ச்சுவோசோ போன்ற வலையமைப்பில் இருப்பவர்கள், அல்லது ஃபோர் சீசன்ஸ், ஹயாத் போன்ற நிறுவனங்களின் கூட்டாளித் திட்டத்தில் இருப்பவர்கள் வழியாகப் பதிவு செய்தால், ஹோட்டலின் சொந்தத் தளத்தில் காட்டும் அதே ரத்து செய்யத்தக்க கட்டணத்துக்கு இருவருக்குக் காலை உணவும், ஹோட்டலில் செலவழிக்க ஒரு தொகையும், கிடைத்தால் மேல்வகை அறையும் சேர்ந்து வரும். சில உயர்வகைக் கிரெடிட் கார்டுகளும் இதையே தருகின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஹோட்டல் திட்டத்தில் மாலை நான்கு மணி வரை தங்குவது உறுதியாகவே கிடைக்கும். மேலே போட்ட கணக்கில் இந்தச் சலுகைகளின் எடை எவ்வளவு என்று நீங்களே பார்த்தீர்கள். ஃபோர் சீசன்ஸுக்குப் புள்ளித் திட்டமே கிடையாது என்பதால் அங்கே நேரடியாகப் பதிவு செய்வதைவிட இந்த வழியே நல்லது என்பது என் கருத்து.

உறுப்பினர் தகுதியை நம்பி கிளப் லவுஞ்ச் (சில விருந்தினருக்கு மட்டுமான தனி ஓய்வுக்கூடம்) கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் ஹோட்டலின் பெயரோடு சேர்த்து விதியைப் படிக்க வேண்டும். மாரியட்டின் உறுப்பினர் திட்டத்திலேயே இருந்தாலும் ரிட்ஸ்-கார்ல்டனில் கிளப் லவுஞ்ச் தகுதியால் கிடைக்காது. அதற்குரிய அறையைப் பணம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

6. சேவையைப் பணம் கட்டும் முன்பே சோதியுங்கள்

விலையை ஒப்பிடுவது கணக்கு. சேவையை ஒப்பிட முடியாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று நினைக்கிறார்கள். முடியும். ஒரு மின்னஞ்சல் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவோடு ஒரு பயணம். அவருக்கு முழங்கால் வலி. குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க முடியாது. இறுதியாக நின்ற இரண்டு ஹோட்டல்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். தொட்டி இல்லாத, நடந்து உள்ளே போகக்கூடிய ஷவர் உள்ள அறை உறுதியாகக் கிடைக்குமா, அந்த அறை லிஃப்ட்டிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் மெதுவாக நடக்கப் பூங்கா உண்டா என்று மூன்று கேள்விகள். முதல் ஹோட்டல் மூன்றாவது நாள் பதில் போட்டது: "உங்கள் வேண்டுகோளைக் குறித்துக்கொண்டோம், கிடைப்பதைப் பொறுத்து முயல்வோம்." இரண்டாவது ஹோட்டலிலிருந்து மறுநாள் காலை ஒருவர் தன் பெயரிட்டு எழுதினார். எந்த வகை அறைகளில் அப்படிப்பட்ட ஷவர் இருக்கிறது, அவற்றில் லிஃப்ட்டுக்கு அருகில் இருப்பது எது என்று சொல்லி, குளியலறைப் படத்தை இணைத்திருந்தார். நான் சொல்லாமலே, ஷவருக்குள் ஒரு நாற்காலி போட்டுவைக்கட்டுமா என்றும் கேட்டிருந்தார். கட்டணம் எட்டு சதவீதம் கூடுதல். யோசிக்காமல் அங்கே பதிவு செய்தேன். போய் அறைக் கதவைத் திறந்தபோது நாற்காலி இருந்தது.

நீங்களும் மூன்று கேள்விகள் அனுப்புங்கள். ஒன்று எளிதானது, ஒன்று அந்த ஹோட்டலின் ஆள் எழுந்து போய்ப் பார்த்துத்தான் சொல்லக்கூடியது, ஒன்று ஊரைப் பற்றியது. பதிலில் மூன்றுக்கும் விடை இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, "உறுதி" என்ற சொல் இருக்கிறதா, கேட்காத ஒன்றை நினைத்துச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். பணம் வாங்கும் முன் மூன்றில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஹோட்டல், பணம் வாங்கிய பிறகு மேம்படும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

விருந்தினர் விமர்சனங்களைப் படிப்பதிலும் ஒரு முறை வேண்டும். மொத்த மதிப்பெண் சொகுசு ஹோட்டல்களில் அதிகம் உதவாது. எல்லாமே ஒன்பதுக்கு அருகில்தான் நிற்கும். கடைசி ஆறு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களைப் படியுங்கள். பரவசத்தில் எழுதுபவரும் கோபத்தில் எழுதுபவரும் விவரம் தர மாட்டார்கள்; நடுவில் இருப்பவர் "காலை உணவுக்கு இருபது நிமிடம் காத்திருந்தோம், மற்றபடி நன்று" என்று துல்லியமாகச் சொல்வார். காத்திருப்பு, சத்தம், லிஃப்ட், பராமரிப்புப் பணி ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒரே குறை மூன்று பேரிடமிருந்து வந்தால் அது தற்செயல் இல்லை. அதன் கீழே நிர்வாகம் எழுதிய பதிலையும் படியுங்கள்: எல்லாக் குறைக்கும் ஒரே மன்னிப்பை ஒட்டியிருக்கிறார்களா, அல்லது நடந்ததை விசாரித்து எழுதியிருக்கிறார்களா?

வேறு சில அடையாளங்களும் உதவும். கோட்டுக் கழுத்துப்பட்டையில் குறுக்காக வைத்த இரண்டு பொன் சாவிகள் அணிந்த கன்சியர்ஜ் (விருந்தினரின் வெளி ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஊழியர்) ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 1929-இல் பாரிசில் தொடங்கிய லே கிளெஃப் டோர் என்ற தொழில்முறைச் சங்கத்தின் சின்னம் அது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே கிடைக்கும். நுழைவுச்சீட்டு தீர்ந்துபோன அருங்காட்சியகம், இடமில்லை என்று சொல்லிவிட்ட உணவகம் என்றால் இவர்களைப் போல உதவக்கூடியவர்கள் இல்லை.

ஊழியருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ரிட்ஸ்-கார்ல்டன் தன் ஊழியர் ஒவ்வொருவருக்கும், ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க மேலதிகாரியைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவிடும் உரிமையைத் தந்ததால் விருந்தோம்பல் துறையில் புகழ்பெற்றது. தொகை முக்கியமில்லை. "மேலாளர் காலையில் வருவார்" என்ற பதிலைக் கேட்டு இரவைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசியாக, மாலையில் படுக்கையைத் தயார் செய்துவைக்கும் சேவை. ஒரு நாளில் இரண்டு முறை அறையைச் சீர்செய்வது சொகுசு ஹோட்டலின் அடிப்படை இலக்கணமாக இருந்தது. இப்போது சில ஹோட்டல்களில் மாலைச் சேவை கேட்டால் மட்டுமே உண்டு. அறைக்கு உணவு இருபத்துநான்கு மணி நேரமும் வருமா, நள்ளிரவுக்குப் பிறகு சூடான உணவு உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

7. அறையின் பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள்

சுப்பீரியர், டீலக்ஸ், பிரீமியர் என்ற பெயர்களுக்கு எந்தப் பொது வரையறையும் இல்லை. ஒரு ஹோட்டலின் டீலக்ஸ் இன்னொன்றின் மிகச் சிறிய அறையாக இருக்கும். சதுர மீட்டர், படுக்கையின் அகலம், ஜன்னல் எதைப் பார்க்கிறது, இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். "பகுதிக் காட்சி" என்று இருந்தால் காட்சி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறந்த ஹோட்டலின் சாதாரண அறையா, அதே விலைக்கு அடுத்த நிலை ஹோட்டலின் பெரிய சூட் அறையா என்று கேட்டால், நகரப் பயணத்தில் நான் முதலாவதைத்தான் சொல்வேன். சேவை எல்லா அறைக்கும் ஒன்றுதான். நான்கு இரவுக்கு மேல் தங்கினால், அல்லது குழந்தையோடு போனால் மட்டும் இடம் முக்கியமாகிவிடும்.

கட்டட வேலை நடக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை நீச்சல் குளத்துக்காகவே ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்துப் போய், குளம் இரண்டு மாதமாக மூடியிருப்பதை வாசலில்தான் தெரிந்துகொண்டேன். இணையதளத்தில் நீலத் தண்ணீர் மின்னிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து, "எங்கள் தேதிகளில் எந்த வசதியாவது மூடியிருக்குமா?" என்ற கேள்வியை விட்டதே இல்லை.

8. ரத்து விதியும் பணம் கட்டும் முறையும்

திரும்பப் பெற முடியாத கட்டணம் சற்று மலிவாக இருக்கும். விமான டிக்கெட் உறுதியான, மாற்ற வாய்ப்பில்லாத பயணத்துக்கு மட்டும் அதை எடுங்கள். ரத்து செய்யத்தக்க கட்டணத்தில் இன்னொரு பயன் உண்டு: பதிவு செய்த பிறகும் விலையைக் கவனிக்கலாம். பயணத்துக்கு ஒரு மாதம், பிறகு இரண்டு வாரம் முன்னால் அதே அறையைத் தேடிப் பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாகப் பதிவு செய்து, உறுதி வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். ரத்துக்கான கடைசி நேரம் பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரத்தில்தான் கணக்கிடப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிநாட்டில் கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வங்கியின் விகிதம் பொருந்தும்.

9. போய்ச் சேர்ந்த பிறகு

பதிவு உறுதி, மின்னஞ்சலில் வாங்கிய வாக்குறுதிகள், கடைசிப் பக்கத்தின் படம் ஆகிய மூன்றையும் கைபேசியில் ஒரே இடத்தில் வைத்திருங்கள். அறையில் குறை இருந்தால் பெட்டியைத் திறக்கும் முன் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்து அடுக்கிய பிறகு மாற்றுவது அவர்களுக்கும் கடினம், உங்களுக்கும் கடினம்.

வரவேற்பு மேசையில் கார்டைக் கொடுக்கும்போது, அறைக் கட்டணத்துக்கு மேல் ஒரு தொகையை முன்வைப்பாகத் தடுத்து வைப்பார்கள். அது எவ்வளவு என்று அப்போதே கேளுங்கள். டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் கணக்கிலிருந்தே நின்றுவிடும், திரும்ப வரப் பல நாட்கள் ஆகலாம். கிரெடிட் கார்டு கொடுப்பதே நல்லது.

கிளம்பும் காலையில் வரிசையில் நின்று ரசீதைப் படிக்க முடியாது. முந்தைய இரவே அச்சிட்ட ரசீதை அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான்காவது படியில் தயாரித்த தாளைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள்: வரி சொன்ன அளவில் இருக்கிறதா, சலுகையில் வந்த காலை உணவு கணக்கில் ஏறியிருக்கிறதா, திறக்காத மினி பாருக்குப் பணம் போட்டிருக்கிறார்களா, செலவழிக்கத் தந்த தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா. தவறு இருந்தால் இரவுப் பணியில் இருப்பவரிடம் அப்போதே சொல்லிவிடலாம். திருத்திய ரசீது காலைக்குள் கதவடியில் இருக்கும்.